போதகர் வீட்டுப் பெண்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. இங்கிலாந்தில் ஒரு மெதடிஸ்ட் போதகரின் வீடு. பழைய சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஓர் உறை கிடைத்தது. பிரித்துப் பார்த்தால், உள்ளே ஒரு கற்றைத் தலைமுடி! சாதாரண முடியல்ல. மெதடிஸ்ட் இயக்கத்தையே தோற்றுவித்த மகான் ஜான் வெஸ்லியின் முடி.

பக்தியுள்ள குடும்பம் இதை என்ன செய்யும்? கண்ணில் ஒற்றிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கும், இல்லையா? அந்த வீட்டின் மூத்த மகள் ஆலிஸ் அதை எடுத்துக் கணப்பு நெருப்பில் வீசினாள்! "பாருங்க... நம்மளைக் கடிச்ச நாயோட முடி!" என்றாளாம்.

நாய் கடித்தால் அந்த நாயின் முடியையே மருந்தாகக் கட்டுவது இங்கிலாந்தில் பழைய கைவைத்தியம். அதை வைத்துத்தான் இந்தக் குறும்பு. 'தாத்தாவைக் கடிச்சுது, அப்பாவைக் கடிச்சுது... எங்களையாவது விடட்டும்!' என்று அர்த்தம். குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவந்த கதை இது.

அந்தப் போதகரின் பெயர் ஜார்ஜ் பிரவுன் மக்டொனால்ட். இப்படி ஒருவர் இருந்தார் என்பதே இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. ஆனால் அவருடைய பேரன் ஒருவர் நோபல் பரிசு வாங்கினார். இன்னொரு பேரன் மூன்று முறை பிரிட்டிஷ் பிரதமரானார். ஒரு மாப்பிள்ளை ராயல் அகாடமியின் தலைவர். இன்னொரு மாப்பிள்ளை, விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தின் மிகப் பெரிய ஓவியர்களில் ஒருவர். இத்தனை பேரும் வந்து சேர்ந்தது அவருடைய மகள்கள் வழியாக!

சொத்தில்லாத, சொந்த வீடுகூட இல்லாத ஒரு போதகர் வீட்டில் அப்படி என்னதான் இருந்தது?

*

முதலில் கொஞ்சம் பின்னணி. சென்னை ராயப்பேட்டைப் பக்கம் போகிறவர்களுக்கு வெஸ்லி பள்ளியைத் தெரிந்திருக்கும். அந்த வெஸ்லி (1703–1791) இங்கிலாந்துத் திருச்சபையின் குரு. 'ஆலயத்துக்கு வராத ஏழைகளிடம் நாமே போனால் என்ன?' என்று 1739-ல் பிரிஸ்டல் அருகே வெட்டவெளியில் நின்று பிரசங்கிக்க ஆரம்பித்தார். கரி படிந்த முகத்தோடு சுரங்கத் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாக வந்து கேட்டார்கள். வாழ்நாளில் அவர் பிரசங்கத்துக்காகப் பயணம் செய்த தூரம் சுமார் இரண்டரை லட்சம் மைல் என்று கணக்குச் சொல்வார்கள். பெரும்பகுதி குதிரை மேல்!

தலைவர் இப்படி என்றால் தொண்டர்கள்? அவர்களும் ஊர் சுற்றத்தான் வேண்டும். ஒரு சேகரத்தில் அதிகபட்சம் மூன்று வருடம். அதற்குமேல் இருந்தால் ஊரோடு ஒட்டிக்கொண்டுவிடுவார் என்ற பயம். அப்படி வெஸ்லியே நேரில் சேர்த்துக்கொண்ட பிரசங்கிகளில் ஒருவர், அயர்லாந்துக்காரரான ஜேம்ஸ் மக்டொனால்ட். அவருடைய மகன்தான் நம் ஜார்ஜ் (1805–1868). அப்பா வழியிலேயே இவரும் போதகரானார்.

முதல் மனைவி சீக்கிரமே இறந்துவிட, 1833-ல் ஹன்னா ஜோன்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். மான்செஸ்டரில் மொத்த மளிகை வியாபாரம் செய்தவரின் மகள். வசதியான வீட்டுப் பெண். வந்து சேர்ந்ததோ குருமனைக்கு! வீடு சபையுடையது. மேஜை நாற்காலியும் சபையுடையது. மூன்று வருடம் ஆனதும் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, குழந்தைகளையும் புத்தகங்களையும் மட்டும் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். குழந்தைகள் பிறந்த ஊர்களைப் பார்த்தாலே அப்பாவின் டிரான்ஸ்ஃபர் ஆர்டர்களைப் படிப்பது போலிருக்கும். ஆலிஸ் – ஷெஃபீல்டு, 1837. ஜார்ஜியானா – பர்மிங்ஹாம், 1840. ஃப்ரெடரிக் – லீட்ஸ், 1842. லூயிசா – வேக்ஃபீல்டு, 1845...

மொத்தம் பதினொரு பிரசவம். மூன்று குழந்தைகள் பச்சைப் பருவத்திலேயே போய்விட்டன. கரோலின் என்ற பெண் டீன்ஏஜில், 1854-ல். போதகர் பாதி நாள் பிரசங்கத்துக்காக வெளியூரில் இருப்பார். வியாதி, வரவு செலவு, சவப்பெட்டி எல்லாவற்றையும் ஹன்னாதான் பார்க்க வேண்டும். 'ஊழியக்காரரின் தியாகம்' என்று பேசும்போது வழக்கமாக விட்டுப்போகிற பெயர், ஊழியக்காரரின் மனைவியுடையது!

*

பிழைத்து வளர்ந்தவர்கள் ஏழு பேர். பையன்கள் இரண்டு, பெண்கள் ஐந்து.

பையன்களுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. மூத்தவன் ஹாரி, பர்மிங்ஹாமில் புகழ்பெற்ற கிங் எட்வர்ட் பள்ளியில் படித்து ஆக்ஸ்ஃபோர்டுக்கே போனான். பெண்களுக்கு? பெரும்பாலும் வீடுதான் பள்ளிக்கூடம். ஆனால் அந்த வீட்டில் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை, பேச்சுக்கும் பஞ்சமில்லை. காலையும் மாலையும் பைபிள் வாசிப்பு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் பிரசங்கம். வாக்கியத்தை எங்கே ஏற்றுவது, எங்கே நிறுத்துவது என்று அந்தப் பெண்களின் காதுக்கு ஒரு பயிற்சி தானாகவே கிடைத்துக்கொண்டிருந்தது.

சரி, பயிற்சி இருக்கிறது. மேடை?

இங்கேதான் ஒரு சிக்கல். வெஸ்லி காலத்தில் சில பெண்கள் பிரசங்கம் செய்தார்கள். அவரும் அனுமதித்தார். அவர் இறந்து பன்னிரண்டு வருடம் சொச்சம்தான் ஆகியிருந்தது... 1803-ல் வெஸ்லியன் மாநாடு கூடி, பெண்கள் பிரசங்கிப்பதற்குக் கிட்டத்தட்ட கதவைச் சாத்திவிட்டது. அப்புறமும் பேசவேண்டும் என்று ஒருத்தி அடம்பிடித்தால்? பெண்களுக்கு நடுவில் மட்டும் பேசிக்கொள்ளலாம்!

ஆகவே மூன்றாம் தலைமுறையில் பிரசங்க பீடம் ஏறியது ஃப்ரெடரிக் மட்டும்தான். நல்ல பேச்சாளர். 1899-ல் வெஸ்லியன் மாநாட்டின் தலைவராகவே ஆனார். அக்கா தங்கைகள் ஐந்து பேருக்கும் அந்தப் படிக்கட்டே கிடையாது.

*

கதை திரும்புவது ஹாரியின் பள்ளித் தோழர்களால். அவர்களில் ஒருவன் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ். படச்சட்டம் செய்கிற ஒருவரின் மகன். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக் குருவாகப் போகிறேன் என்று கிளம்பியவன், நண்பன் வில்லியம் மோரிஸோடு சேர்ந்து 'ஓவியனாகப் போகிறேன்' என்று மனசை மாற்றிக்கொண்டான். சல்லிக்காசு வருமானம் இல்லாத அந்த நேரத்தில், 1856-ல், போதகரிடம் வந்து ஜார்ஜியானாவைக் கேட்டான். அவளுக்கு அப்போது பதினைந்து வயது!

மெதடிஸ்ட் போதகர் என்றால் சிடுமூஞ்சியாக, 'ஓவியனா? வெளியே போ!' என்று கத்தியிருப்பார் என்றுதானே நினைப்போம்? மக்டொனால்ட் தம்பதி சம்மதித்தார்கள். நாலு வருடம் காத்திருந்து 1860-ல் கல்யாணம் நடந்தது.

அடுத்தது ஆலிஸ். கூர்மையான நாக்கு, கண்ணைப் பறிக்கும் பேச்சு. நிச்சயதார்த்தம் ஆகி முறிவதே அவளுக்கு வழக்கமாக இருந்தது. கடைசியில் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஒரு ஏரிக்கரைப் பிக்னிக்கில் ஜான் லாக்வுட் கிப்ளிங் என்ற சிற்பியைச் சந்தித்தாள். அவரும் ஒரு மெதடிஸ்ட் போதகரின் மகன்தான்! 1865 மார்ச்சில் லண்டனில் கல்யாணம். கையோடு பம்பாய்க்குக் கப்பல். ஜே.ஜே. கலைப்பள்ளியில் மாப்பிள்ளைக்கு வேலை. அந்த வருடமே டிசம்பர் 30-ல் மகன் பிறந்தான். அப்பாவும் அம்மாவும் சந்தித்த ஏரியின் பெயரையே அவனுக்கு வைத்தார்கள்... ருட்யார்ட்!

1866 ஆகஸ்டில் உல்வர்ஹாம்ப்டனில் ஒரே நாளில் இரட்டைக் கல்யாணம். ஆக்னஸுக்கு மாப்பிள்ளை எட்வர்ட் பாய்ன்டர் என்ற ஓவியர். பிற்பாடு நேஷனல் கேலரியின் டைரக்டர், 1896-லிருந்து 1918 வரை ராயல் அகாடமியின் தலைவர். லூயிசாவுக்கு ஆல்ஃபிரட் பால்ட்வின் என்ற இரும்பாலை முதலாளி. கடைக்குட்டி ஈடித் மட்டும் கல்யாணமே செய்துகொள்ளாமல் பெற்றோரைப் பார்த்துக்கொண்டாள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மெதடிஸ்ட் போதகரின் நான்கு மகள்களுக்கும் கல்யாணம் நடந்தது இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயங்களில்! வெஸ்லியின் முடியை எரித்தபோது ஆலிஸ் ஆசைப்பட்டது நடந்துவிட்டது என்றே தோன்றும். கடி ஆறிவிட்டது!

*

போதகர் கடைசி வருடங்களில் நோயாளி. லூயிசாவின் வீட்டுக்குப் பக்கத்தில், பியூட்லி என்ற சின்ன ஊரில் வந்து தங்கினார்கள். 1868 கோடையில் ஆலிஸ் அடுத்த பிரசவத்துக்காக இந்தியாவிலிருந்து வந்தபோது, இரண்டரை வயது ருட்யார்டைத் தாத்தா பாட்டியிடம் விட்டிருந்தார். பம்பாய் வேலைக்காரர்களிடம் ராஜா மாதிரி வளர்ந்த பையன். 'எல்லாரும் விலகுங்க... கோபக்கார ருடி வர்றான்!' என்று தெருவில் கத்திக்கொண்டு போவானாம். நோயாளித் தாத்தாவின் வீட்டில் அமைதி எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்!

அதே ஊரில் லூயிசாவின் ஒரு வயது மகன் ஸ்டான்லி தவழ்ந்துகொண்டிருந்தான். நம்ம ஊர்க் கணக்குப்படி இந்த இருவரும் அண்ணன் தம்பி. பெரியம்மா பையன், சித்தி பையன். இங்கிலீஷில் எல்லாமே 'கஸின்'தான்!

அந்த வருடமே போதகர் இறந்துபோனார். பர்ன்-ஜோன்ஸ் அப்போது பெரிய புகழில்லாத ஓவியர். ஒரு பேரன் அடங்காத வாண்டு. இன்னொருவன் நடை பழகுகிற குழந்தை. தன் குடும்பம் சரித்திரத்தில் ஏறப்போகிறது என்பதற்கு ஓர் அடையாளத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. ஹன்னா 1875 வரை இருந்தார். அவரும் பார்க்கவில்லை.

*

மகள்களின் வாழ்க்கை வெளியே இருந்து பார்க்கப் பளபளப்பு. உள்ளே?

ஆலிஸ் 1871-ல் ருட்யார்டையும் அவன் தங்கையையும் இங்கிலாந்தில் கூலிக்குக் குழந்தை பார்க்கும் ஒரு வீட்டில் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். ஐந்து வயதுப் பையனுக்கு அந்த வீட்டில் அடியும் நரகப் பயமுறுத்தலும். பக்தியின் பெயரால்! அவனுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது வருடத்தில் ஒரு மாதம், கிறிஸ்துமஸ் சமயத்தில், லண்டனில் ஜார்ஜியானா சித்தி வீட்டில். அந்த வீட்டு வாசல் மணியின் இழுப்புக் கம்பியைப் பெரியவனானதும் கேட்டு வாங்கித் தன் வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டார் கிப்ளிங். எத்தனை ஏங்கியிருந்தால் அப்படிச் செய்யத் தோன்றும்!

மற்றவர்களுக்குப் புகலிடமாக இருந்த ஜார்ஜியானாவின் வீட்டுக்குள் வேறொரு தீ. கணவர் பர்ன்-ஜோன்ஸுக்கு மாடலாக வந்த மரியா ஸம்பாகோ என்ற கிரேக்கப் பெண்ணோடு காதல். 1869-ல் அது லண்டனே பேசுகிற விவகாரமாக வெடித்தது. ஜார்ஜியானா சண்டை போடவில்லை, விட்டுப் போகவும் இல்லை. கணவர் இறந்தபின் 1904-ல் அவருடைய வாழ்க்கையை இரண்டு பாகங்களாக எழுதினார். அந்தக் காதல் கதைக்கு அதில் இடமில்லை. லூயிசா பாதி வாழ்நாள் சோபாவில் படுத்த நோயாளி. அந்த நிலையிலும் கதைகள் எழுதினார். 1895-ல் வந்த பேய்க்கதைத் தொகுப்புகூட உண்டு. ஆலிஸ் தன் மகளோடு சேர்ந்து கவிதைப் புத்தகம் போட்டார். ஈடித் குடும்ப வரலாற்றை எழுதினார். பீடம் கிடைக்காதவர்களுக்குக் காகிதம் கிடைத்தது!

ஆனால் காகிதம் போதாது என்று ஒரு நாள் வந்தது.

*

1902 ஜூன். தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் முடிந்து பிரிட்டன் ஜெயித்துவிட்டது. போயர் குடும்பங்களின் பண்ணைகளை எரித்து, பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்து, ஆயிரக்கணக்கில் சாகவிட்டு வாங்கிய வெற்றி. இங்கிலாந்து முழுக்கக் கொடி, மேளம், வாணவேடிக்கை. பிரைட்டன் பக்கம் ராட்டிங்டீன் என்ற கடலோரக் கிராமத்திலும்தான். அந்தக் கிராமத்தில் ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து மட்டும் ஒரு பேனர் தொங்கியது. கொன்றதும் நாம், கொன்றவனின் சொத்தைப் பிடுங்கிக்கொண்டதும் நாம் என்று அர்த்தம் வரும்படி அதில் ஒரு வரி.

பைபிள் வரி அது. ஆகாப் என்ற ராஜாவுக்கு, ஏழை நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தின் மேல் ஆசை. பொய்க் குற்றம் சாட்டி நாபோத்தைக் கொன்றுவிட்டுத் தோட்டத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது எலியா தீர்க்கதரிசி ராஜாவின் எதிரில் நின்று கேட்கிற கேள்விதான் அது. ஆலயத்துக்குப் போகிற ஒவ்வொரு இங்கிலீஷ்காரனுக்கும் தெரிந்த கதை. யாரை ஆகாப் என்கிறாள் என்று புரிய எவ்வளவு நேரம் ஆகும்?

கூட்டம் கூடியது. கூச்சல் போட்டது. உள்ளே இருந்தவர் அறுபத்தோரு வயது விதவை... ஜார்ஜியானா பர்ன்-ஜோன்ஸ்!

நிலைமை கைமீறும்போது எதிர்ப்பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் இறங்கி வந்து கூட்டத்தைச் சமாதானப்படுத்தினார். அவர் யார் என்பதுதான் வேடிக்கை. அந்த யுத்தத்தை நாடு முழுக்கக் கவிதையால் ஊதி வளர்த்தவர், ஏகாதிபத்தியத்தின் ஆஸ்தானக் கவிஞர் என்று பெயர் வாங்கியவர், ருட்யார்ட் கிப்ளிங். 'வெள்ளைக்காரனின் சுமை' பாடிய அதே மனிதர்! சித்தி நினைத்தது எதுவும் அவருக்குச் சம்மதமில்லை. ஆனால் அந்த வாசலில் வந்து நிற்க அவருக்குச் சம்மதம் தேவைப்படவில்லை. மணிக் கம்பி ஞாபகம் இருக்கிறதல்லவா?

1803-ல் சாத்திய கதவு அன்றைக்கு ஜன்னலாகத் திறந்தது. தாத்தாவிடமும் அப்பாவிடமும் இருந்தது ஒரே ஒரு சொத்து. நாலு பேர் கல்லெறிந்தாலும் மனசில் பட்டதை நடுத்தெருவில் நின்று சொல்வது. அதை முழுசாக வாங்கிக்கொண்டவர், பேசவே உரிமையில்லாத ஒரு மகள்.

*

பேரன்களிடமும் அந்தச் சொத்து பங்கு பிரிந்தது. ஆனால் விசித்திரமாக.

கிப்ளிங்குக்குத் தாத்தாக்களின் குரல் கிடைத்தது. பைபிளின் தாளம் அவர் எழுத்தில் எங்கும் கேட்கும். நாற்பத்தோரு வயதில், 1907-ல், நோபல் பரிசு. இலக்கிய நோபல் வாங்கியவர்களில் இன்றுவரை அவர்தான் மிக இளையவர். ஆனால் அந்தக் குரல் பிரசங்கித்தது சாம்ராஜ்யத்தை. ஜாலியன்வாலா பாக்கில் சுட்ட ஜெனரல் டயருக்கு நிதி திரட்டியபோது பணம் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். யுத்தத்தைப் பாடியதற்கு விலையும் கொடுத்தார். கண் பார்வை சரியில்லை என்று ராணுவம் ஒதுக்கிய ஒரே மகன் ஜானைச் சிபாரிசு பிடித்து அனுப்பிவைத்தார். 1915-ல் லூஸ் போர்க்களத்தில் பதினெட்டு வயதில் அவன் காணாமல் போனான்.

தம்பி ஸ்டான்லி பால்ட்வினுக்கு வேறு பங்கு. 1919-ல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் ஒரு கடிதம் வந்தது. யுத்தத்தால் நாடு கடனில் மூழ்கிக் கிடக்கிறது, பணக்காரர்கள் தாமாகவே முன்வந்து கொடுக்க வேண்டும், நான் என் சொத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறேன் என்று. சுமார் 1,20,000 பவுண்ட்! கீழே பெயர் இல்லை, வெறும் மூன்று எழுத்து. எழுதியவர் அப்போது நிதி இலாகாவில் துணை மந்திரியாக இருந்த பால்ட்வின். எத்தனை பணக்காரர்கள் அவரைப் பின்பற்றினார்கள் என்கிறீர்கள்? சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை!

இந்தியா விஷயத்தில் அண்ணனும் தம்பியும் எதிரெதிர். இந்தியர்களுக்கு ஆட்சிப் பொறுப்பு தருவது என்றாலே கிப்ளிங்குக்கு ஆகாது. பால்ட்வினோ, சொந்தக் கட்சியில் சர்ச்சில் கொதித்தெழுந்தும் அசையாமல் நின்றார். அவர் மூன்றாம் முறை பிரதமராக இருந்தபோதுதான், 1935 ஆகஸ்டில், இந்திய அரசுச் சட்டம் நிறைவேறியது. குறைகள் நிறைந்த சட்டம்தான். காங்கிரஸே அதைத் திட்டித் தீர்த்தது. ஆனாலும் அதன்படி 1937-ல் தேர்தல் நடந்து, சென்னையில் ராஜாஜி ஆட்சிப் பொறுப்பேற்றார்.

1936 ஜனவரியில் கிப்ளிங் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவருடைய அஸ்தியைச் சுமந்து வந்தவர்களில் பிரதமர் பால்ட்வினும் ஒருவர். 1868 கோடையில் தாத்தாவின் ஊரில் கத்திக்கொண்டு திரிந்தவனை, தவழ்ந்துகொண்டிருந்தவன் வழியனுப்பிவைத்தான்.

ஐந்து சகோதரிகளில் நான்கு பேர் அதற்கு முன்பே போய்விட்டார்கள். ஆக்னஸ் 1906, ஆலிஸ் 1910, ஜார்ஜியானா 1920, லூயிசா 1925. சரித்திரப் புத்தகங்களில் தேடினால் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்றுதான் கிடைப்பார்கள். மனைவியாகவும் தாயாகவும் ஆகாத ஈடித்துக்கு அந்த முகவரியும் கிடையாது. அம்மாவும் அப்பாவும் எத்தனை வீடு மாறினார்கள், எந்தக் குழந்தை எப்படிச் செத்தது, யார் என்ன கிண்டல் செய்தார்கள் என்பதையெல்லாம் எழுதிவைத்தது அவர்தான்.

எல்லோரையும் வழியனுப்பிவிட்டு, 1937-ல் கடைசியாகக் கிளம்பியவரும் அவரே!